ஆதுலர்சாலையில் யாருக்குக் கட்டில்?

திருமுக்கூடல் கல்வெட்டைப் பற்றி வாட்ஸப்பில் சுற்றும் செய்திகளுக்கெல்லாம் ஒரே அச்சுதான். மேலே ஒரு சோழ ராஜா படம், கீழே "உலகின் முதல் மருத்துவமனை, 15 படுக்கைகள், அறுவை சிகிச்சை நிபுணர், செவிலியர்", கடைசியில் "தமிழனாக இருந்தால் பகிரவும்". எங்கள் தென்னேரியிலிருந்து வாலாஜாபாத் வழியாகப் போய், பழையசீவரத்தில் பாலாற்றைத் தாண்டினால் அந்தக் கோயில். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். இவ்வளவு பக்கத்தில் இருக்கும் ஒரு ஆவணத்தை ஊர்ப்பெருமைக்காக மட்டும் படிப்பது எனக்கு உறுத்தலாக இருக்கு. "முதல்" என்பதும் நிற்காது. தஞ்சாவூரில் குந்தவை ஆதரித்த சுந்தரசோழ விண்ணகர் ஆதுலர்சாலை இதற்கு அரை நூற்றாண்டு முந்தியது. இலங்கையில் மிகிந்தலை மருத்துவமனை அதற்கும் ஒரு நூற்றாண்டுக்கு மேல் முந்தியது.

"முதல்" பட்டத்தைக் கழற்றி வைத்துவிட்டுப் படித்தால்தான் கல்வெட்டு சுவாரசியமாகிறது. 1068 வாக்கில், வீரராசேந்திரன் காலத்தில் வெட்டியது. கோயில் வரவுசெலவு, வேதம் சொல்லிக்கொடுக்கும் பள்ளி, அந்த மாணவர்கள் தங்கும் விடுதி, பிறகு வீரசோழன் என்ற பெயரில் ஒரு ஆதுலர்சாலை. இந்த வரிசைதான் முக்கியம். ரிக் வேதத்துக்குப் பத்து பேர், யஜுர் வேதத்துக்குப் பத்து பேர், இலக்கணத்துக்கு இருபது பேர் என்று எண்ணிப் போட்டு, ஆகமம் படிப்பவர்களையும் சேர்த்து 60 பேருக்குச் சாப்பாடு. படுக்கப் பாய், இரவு விளக்குக்கு எண்ணெய், சனிக்கிழமைகளில் தலைக்கு எண்ணெய் வரை கணக்கு இருக்கு. (சனி நீராடச் சொன்னவர்கள் எண்ணெய்க்கும் பட்ஜெட் போட்டிருக்கிறார்கள். இன்றைய விடுதி நிர்வாகங்கள் கவனிக்கலாம்.) இந்த மாணவர்களும் ஆசிரியர்களும் கோயில் பணியாளர்களும் நோயில் விழுந்தால் கிடக்கத்தான் அந்த 15 கட்டில்கள். ஆய்வாளர்கள் பொதுவாக இப்படித்தான் படிக்கிறார்கள்.

ஆக இது ஊருக்கெல்லாம் திறந்த தர்மாஸ்பத்திரி கிடையாது. பெயர் பதிந்தவர்களுக்கு மட்டும். ஒரு மாணவன் பள்ளியில் சேர்ந்த அன்றே அவனுக்கு வைத்தியரும் முடிவாகிவிட்டார், தேடிப் போக வேண்டியதில்லை.

அடுத்து சம்பளம். வைத்தியர் ஆலப்பாக்கத்துக்காரர், கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். ஆண்டுக்கு 90 கலம் நெல், 8 காசு. சல்லியக்கிரியை செய்பவருக்கு 30 கலம், நாவிதருக்கு 15 கலம். மூலிகை கொண்டுவர ஆள், நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் என்று எல்லோருக்கும் ஆண்டுக் கணக்கு. ஒரு நோயாளியைப் பார்த்தால் இவ்வளவு என்ற பேச்சே இல்லை. 60 பேரில் ஒருத்தனுக்கும் காய்ச்சல் வரலைன்னாலும் வைத்தியருக்கு 90 கலம். எல்லோரும் படுத்துக்கொண்டாலும் அதே 90 கலம்தான். நோய் குறைவாக இருப்பது வைத்தியருக்கும் லாபம் என்று ஆகிவிடுகிறது. அறுவை செய்பவரைவிட மூன்று மடங்கு நெல் பொது வைத்தியருக்கு என்பதையும் ஒருமுறை யோசித்துப் பாருங்கள். இன்றைக்குத் தலைகீழ்.

நம் சினிமாவில் நல்ல டாக்டர் என்றால் குறைவாக ஃபீஸ் வாங்குபவர். 2017-இல் வந்த 'மெர்சல்' ஐந்து ரூபாய் டாக்டரை அப்படித்தான் தூக்கிப் பிடித்தது. வடசென்னையில் உண்மையாகவே அப்படி வாழ்ந்த டாக்டர்கள் இருந்தார்கள், அவர்கள் மீது எனக்குப் பெரிய மரியாதை. ஆனால் ஃபீஸ் ஐந்தோ ஐந்நூறோ, அது ஒவ்வொரு வருகைக்கும் கொடுக்கிற காசு. நான் வராமல் போனால் எனக்கு என்ன ஆச்சு என்று கேட்க வேண்டிய பொறுப்பு அந்த ஏற்பாட்டில் யாருக்கும் இல்லை. படம் சிங்கப்பூரை உதாரணம் காட்டியதும் பாதிதான் சரி. அங்கே சிகிச்சை இலவசம் இல்லை. 1984-இலிருந்து சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மெடிசேவ் கணக்குதான் அடித்தளம். அந்த சிங்கப்பூரே 2023 ஜூலையில் 'ஹெல்தியர் எஸ்ஜி' என்று ஒரு திட்டம் தொடங்கி, முதலில் 60 வயதைத் தாண்டியவர்களையும் பிறகு 40-ஐத் தாண்டியவர்களையும், ஒரு குடும்ப டாக்டரைத் தேர்ந்தெடுத்துப் பதிந்துகொள்ளச் சொன்னது. பணக்கார நாடும் கடைசியில் பதிவேட்டுக்குத்தான் வந்து நிற்குது.

பதிவேட்டை நாடு முழுக்க விரித்தவர்கள் பிரிட்டன்காரர்கள். 1911 சட்டத்தில் தொழிலாளர்களுக்கு மட்டும், 1948 ஜூலை 5 முதல் எல்லோருக்கும். தன் பட்டியலில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்துத்தான் ஜிபி என்கிற குடும்ப டாக்டரின் வருமானத்தில் பெரும்பகுதி. அசுவத்தாம பட்டனுக்குப் புரியும் கணக்கு. நம் பிள்ளைகள் இந்தப் பட்டியலைச் சந்திப்பது முதுகலை படிக்க அங்கே இறங்கும்போதுதான். காஞ்சிபுரம், செங்கல்பட்டுப் பக்கமிருந்து போகிறவர்கள் இப்போது நிறைய. விசாவோடு சேர்த்து ஆண்டுக்கு 776 பவுண்டு சுகாதாரக் கட்டணம் கட்டிவிட்டுப் போகிறார்கள். போன பிறகு? பெட்டியில் ஒரு வருஷத்துக்கு மாத்திரை, "ஜிபிகிட்ட போனா பாரசிட்டமால்தான் தருவான், வேஸ்ட்" என்ற சீனியர் அறிவுரை. பதிவதே இல்லை. கட்டிய காசுக்கு வாசலே அதுதான் என்று யாரும் சொல்வதில்லை.

இந்த அறிவுரையில்தான் எனக்குச் சண்டை. ஜிபியைக் கடையாக நினைத்தால் அது மோசமான கடைதான், ஒத்துக்கொள்கிறேன். காலை 8 மணிக்கு ஃபோன் அடித்து வரிசையில் தொங்க வேண்டும், நேரம் கிடைப்பது உங்கள் அதிர்ஷ்டம். ஆனால் நோய் வந்த பிறகு பதியப் போகிறவர்களுக்குத்தான் அது நரகம். போய் இறங்கிய வாரமே பதிவது சுலபம். இங்கிலாந்தில் பதிய அடையாள அட்டையோ முகவரிச் சான்றோ விசாவோ கட்டாயம் இல்லை, வரவேற்பு மேசையில் கேட்பார்கள், இல்லையென்பதற்காக மறுக்கக் கூடாது. நீங்கள் தங்கும் தெரு அந்த டாக்டரின் எல்லைக்குள் வருதா என்று பாருங்கள். மறுத்தால் எழுத்தில் காரணம் தர வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு இடத்தில்தான் பதிவு, பிடிக்கலைன்னா காரணம் சொல்லாமல் மாறலாம். பழைய டாக்டரிடமிருந்து உங்கள் குறிப்புகள் பின்னாலேயே வந்துவிடும். தேர்ந்தெடுக்கும்போது கூகுள் நட்சத்திரத்தைவிட இன்னொன்றை நான் பார்ப்பேன். மாணவர்கள் நிறையப் பதிந்திருக்கும் இடமா? அங்கே மூளைக்காய்ச்சல் தடுப்பூசி பற்றியும், பரீட்சை நேரத்து மனச்சோர்வு பற்றியும் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்காது.

எதிர்வாதமும் இருக்கு. ஒரே டாக்டரிடம் நீண்ட காலம் இருந்தால்தான் பலன் என்கிறது நார்வே ஆய்வு. அங்கே 2001 முதல் எல்லோருக்கும் பெயர் சொல்லி ஒரு டாக்டர். ஒரே டாக்டரிடம் 15 ஆண்டுக்கு மேல் இருந்தவர்களின் இறப்பு விகிதம், அவரிடம் ஓராண்டு மட்டுமே ஆனவர்களைவிட ஏறத்தாழ கால்பங்கு குறைவு. எது காரணம் எது விளைவு என்று பிரிப்பது கஷ்டம் என்றாலும், இலக்கம் பெரியது. ஒரு வருஷம் எம்எஸ்சி படித்துவிட்டுக் கிளம்பும் பையனுக்கு அந்தப் பலன் கிடைக்காது. அவனுக்குக் கிடைப்பது சின்ன விஷயம்: ராத்திரி 2 மணிக்கு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது, ஏற்கெனவே அவன் பெயரை எழுதி வைத்திருக்கும் ஒரு இடம்.

அவன் ஊரில் அந்த இடம் இருந்ததா? தமிழ்நாட்டில் பதிவேடுகள் நிறையவே இருக்கு, நன்றாகவும் இருக்கு. கர்ப்பிணிப் பெண்ணைக் கிராம சுகாதாரச் செவிலியர் பெயர் சொல்லிப் பின்தொடர்கிறார். 18 வயது வரை அரசுப் பள்ளியில் மருத்துவக் குழு வந்து பார்க்கிறது. 2021 ஆகஸ்ட் 5 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உள்ளவர்களின் வீட்டுக்கே மாத்திரை கொண்டுபோகிறது. தேசியத் தொற்றாநோய்ப் பரிசோதனை 30 வயதில் ஆரம்பம். நடுவில் 18 முதல் 30 வரை ஒரு ஓட்டை. கல்லூரி, விடுதி, ஒரகடம் கம்பெனியில் முதல் வேலை எல்லாம் அந்த ஓட்டைக்குள்தான் நடக்குது. ஆரம்ப சுகாதார நிலையம் சமவெளியில் 30,000 பேருக்கு ஒன்று என்று தலையெண்ணி வைப்பது. தென்னேரிப் பையன் கோயம்புத்தூர் விடுதியில் இருந்தால் அவன் இங்கே எண்ணப்படுகிறான், அங்கே காய்ச்சலில் கிடக்கிறான். கையில் இருப்பது யாரும் திரும்பப் பார்க்காத ஒரு ஓ.பி. சீட்டு.

இதற்குத்தான் ஆபா எண் என்பார்கள். 14 இலக்கம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் டேட்டாபேஸ் பாஷையில் சொன்னால் பிரைமரி கீ இருக்கு, அது எந்த டாக்டரின் வரிசையையும் சுட்டவில்லை. பிரிட்டனின் பத்து இலக்க எண்ணுக்குப் பின்னால் ஒரு ஜிபியின் பெயர் இருக்கும். இன்னொரு வேடிக்கை: எம்பிபிஎஸ் மாணவர்கள் முதலாண்டிலிருந்தே கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துப் பின்தொடர வேண்டும் என்று தேசிய மருத்துவ ஆணையம் விதித்திருக்கிறது. அந்த மாணவரையே பின்தொடர ஒரு டாக்டரை யாரும் நியமிக்கவில்லை.

திருமுக்கூடலைப் புகழ்பவர்கள் சொல்லாத ஒன்று பாக்கி. அந்த 90 கலம் எங்கிருந்து வந்தது? கல்வெட்டே சொல்கிறது: வயலைக்காவூர் என்ற ஊரின் வருவாய். உத்திரமேரூர்ப் பக்கம் இன்றும் இருக்கும் ஊர்தான். வேதம் படித்த பிராமண மாணவனுக்கு ஹரீதகி மருந்தும் பழைய நெய்யும் ஆண்டுக்கு இவ்வளவு என்று சேமித்து வைத்த அந்தச் சுவரில், நெல் விளைவித்த வயலைக்காவூர்க்காரனுக்குக் காய்ச்சல் வந்தால் எங்கே போவது என்று ஒரு வரியும் இல்லை. பட்டியல் போடத் தெரிந்திருந்தது. பட்டியலில் யார் என்பதை வேறு கணக்கு தீர்மானித்தது. இன்றைக்கு அந்த வயலைக்காவூர்ப் பெண்ணுக்குச் சர்க்கரை என்றால் பட்டியலில் பெயர் இருக்கு, மாத்திரை வாசலுக்கு வருது. விடுதியில் இருக்கும் அவள் மகனுக்குத்தான் இன்னும் கட்டில் போடவில்லை.