ஃபெலிஸின் பக்கம்

காஃப்கா ஃபெலிஸ் பௌவருக்கு எழுதிய ஐந்நூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் 1967இல் நூலாயின. இரண்டு நிச்சயதார்த்தங்கள், முதலாவது 1914இல் முறிந்தது, அடுத்தது 1917இல். இந்த முறிவில் 'விசாரணை' நாவலின் ஊற்றைக் கனெட்டி கண்டார். அந்தப் பார்வையில் ஃபெலிஸ் கச்சாப் பொருளாகிவிடுகிறாள். ஒரு பிரிவுக்குப்பின் படித்த எனக்கு அது போதவில்லை.

எனக்கும் பக்கம் பக்கமாக எழுதியவர், எதிரே உட்கார்ந்தால் கடிகாரத்தைப் பார்ப்பார். கடிதங்களின் பெருக்கத்தை நெருக்கம் என்று கொண்டது என் வாசிப்புப் பிழை. பிராகிலிருந்து போய்க்கொண்டிருந்த கடிதங்கள்தாம் பெர்லினைத் தூரத்திலேயே நிறுத்திவைத்தன. பயம் அவருடையது, அதற்கு ஃபெலிஸ் காரணமில்லை.

அவளுடைய பதில்கள் நமக்குக் கிடைக்கவில்லை. ஆனால் 1919இல் வேறொருவரை மணந்தாள். கடிதங்களை எரிக்காமல் காத்து 1955இல் விற்றாள். தன்மீது தீர்ப்பு எழுதிக்கொள்ளாதவள் என்றே இதைப் படிக்கிறேன்.

என்னிடமுள்ள கட்டும் பெட்டியில் இருக்கிறது. பதில் எழுதுவதை நிறுத்திவிட்டேன்.