சிவப்பு ஸ்லைடரில் கரையும் குங்குமம்

நிறத்தை எடுத்துவிட்டால் படத்தில் உணர்ச்சி கூடும் என்ற வாதம் நம் இளம் படப்பிடிப்பாளர்களிடம் வேரூன்றிவிட்டது. போர் கண்ட ஊர்கள் என்றால் அது எழுதாச் சட்டம். 1985இல் வீடுகள் எரிக்கப்பட்ட, திருகோணமலை மாவட்டத்துத் திரியாய்க்குக் கமராவோடு போகிறவர் வண்ணத்தில் எடுத்து வருகிறார். பிறகு கணினியில் அதைக் கறுப்பு வெள்ளை ஆக்குகிறார்.

வாதத்தில் உண்மை இல்லாமல் இல்லை. அங்குள்ள கிரிஹண்டு விகாரையின் கற்றூண்கள் நிறமிழந்தால் எந்த நட்டமும் இல்லை. 1944இல் மறைந்த இலங்கைப் படக்கலைஞர் லயனல் வென்ட் கறுப்பு வெள்ளையில் செய்து காட்டியதை மறுக்க யாரால் முடியும்? வேர்ல்ட் பிரஸ் போட்டோ போட்டி விதிகளும் இந்த மாற்றத்தை அனுமதிக்கின்றன.

என் மறுப்பு முகங்களைப் பற்றியது. போட்டோஷொப்பில் 2007 முதல் இருக்கும் கறுப்பு வெள்ளைப் பலகத்தில் ஆறு நிறங்களுக்கு ஆறு ஸ்லைடர்கள் உண்டு. நம் மாநிறத் தோலில் சிவப்பும் மஞ்சளுமே மிகுதி. சிவப்பை உயர்த்தினால் முகம் வெளுக்கும். தாழ்த்தினால் வெயில் தின்ற ஒவ்வொரு சுருக்கமும் கருகி, உயிரோடு இருப்பவர் தொல்பொருளாகிவிடுவார். இரண்டையும் ‘அழகு’ என்கிறார்கள்.

இதைவிடக் கொடியது பொட்டுக்கு நேர்வது. சாதாரண மாற்றத்தில் சாம்பல் நிறத்தைத் தீர்மானிக்கும் கணக்கு ஏறக்குறைய சிவப்புக்கு 30, பச்சைக்கு 59, நீலத்துக்கு 11 விழுக்காடு. குங்குமத்தில் பச்சை மிகக் குறைவு. ஆகவே அது நெற்றியில் கருமையாக நிற்கும். முகம் பளிச்சிட வேண்டுமென்று சிவப்பை ஏற்றியதும் தோலும் குங்குமமும் ஒரே சாம்பலாகிப் பொட்டு மறைகிறது. சிவப்பை உணராத பழைய ஸ்டூடியோத் தகடுகள்கூட இதைச் செய்யவில்லை. அவை முகத்தை இருட்டாக்கின. குங்குமத்தையோ அழுத்தமாகவே பதித்தன.

போரில் கணவனை இழந்த பெண்கள் இத்தனை பேர் வாழும் மாவட்டத்தில், சுமங்கலி ஒருத்தியின் நெற்றியை வெறுமையாக்கிக் காட்சிக்கு வைப்பது சின்ன விடயமா? பார்ப்பவர் அவளை விதவை என்று எண்ணுவார், துயரப்படுவார். படம் எடுத்தவருக்குப் பாராட்டுக் கிடைக்கும். அந்தத் துயரம் அவளுடையதல்ல. மென்பொருள் அவள்மேல் ஏற்றியது. இப்படிப் பெறும் உணர்ச்சியைக் கலை என்று என்னால் ஏற்க முடியாது. மழைக்குப் பின் பச்சை பிடித்த வயலில் நிற்பவளைச் சாம்பலில் நிறுத்தினால், ஊருக்குத் திரும்பி வந்து அவள் கட்டியெழுப்பிய வாழ்வும் அகதிக்காலம்போலவே தெரியும். வென்ட் கையிலிருந்த பிலிமில் நிறமே இல்லை. நம்மவர்களிடம் நிறம் இருந்தது, வேண்டாமென்று எறிந்தார்கள்.

கண்காட்சி நடத்துவோரும் போட்டி நடுவர்களும் மனிதர்களின் கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ண மூலத்தையும் சேர்த்துக் கேளுங்கள். படம் எடுப்பவர்களே, மாற்றிய படத்தை அந்தப் பெண்ணிடம் காட்டி, அவள் சம்மதித்த பிறகு வெளியிடுங்கள்.