வாய்ப்பூட்டும் கண்டரோதமும்

ஆங்கிலத்தில் 'கேக்' என்னும் சொல் (தமிழெழுத்தில் தின்பண்டப் பெயரோடு மயங்குதல் தவிர்க்க இயலாதது) ஒருவரைப் பேசவொட்டாமல் வாயில் துணி திணித்தலைக் குறிக்கும். குமட்டல், மூச்சுத்திணறல் ஆகிய பொருள்களும் அதற்குண்டு. அறுவை மருத்துவர் நோயாளியின் வாயை மூடவிடாது திறந்து வைக்கும் கருவிக்கும், நடிகர் இடையே செருகும் நகைப்புரைக்கும் அதுவே பெயர். வாயை அடைப்பதும் திறப்பதும் ஒரே சொல்லாய் இருப்பது வியப்பன்று. புறப்பொருளொன்றை உட்செருகுதல் இரண்டிற்கும் பொது.

1878 மார்ச் 14ஆம் நாள் லிட்டன் பிரபு ஆட்சியில் நிறைவேறிய நாட்டுமொழிப் பத்திரிகைச் சட்டத்தை எதிர்ப்பாளர் இச்சொல்லாலேயே சுட்டினர். அச்சிடுவோரிடமும் வெளியிடுவோரிடமும் பிணைமுறி பெறவும், ஈட்டுத்தொகை கேட்கவும், அச்சுப்பொறியைக் கைப்பற்றவும் அது வழிசெய்தது. நீதிமன்ற முறையீட்டிற்கு இடமில்லை. ஆங்கில இதழ்கள் அதன் வரம்பிற்குள் வாரா. எனவே கல்கத்தாவில் வங்காளமும் ஆங்கிலமும் கலந்து வெளிவந்த 'அமிர்த பஜார் பத்திரிகா' ஒரு வாரத்திற்குள் முழு ஆங்கில இதழாயிற்று. பறிபோனது பேச்சன்று, பேசும் மொழியே.

தமிழில் இது 'வாய்ப்பூட்டுச் சட்டம்' என நிலைபெற்றது. முத்துராமலிங்கத் தேவர்மீது ஆங்கில அரசு விதித்த பேச்சுத்தடையையும் தமிழ் நூல்கள் அவ்வாறே வழங்குகின்றன. பூட்டுதல் என்பது திறவுகோலொடு மட்டும் தொடர்புடையதன்று. ஏர் பூட்டுதல், விலங்கு பூட்டுதல் என்பவற்றில் பிணித்தல் பொருளே முதன்மை. பிணைமுறி கேட்ட சட்டத்திற்கு இப்பெயர் மூலத்தினும் பொருத்தமானது எனலாம். ஆயின் முருகன் கோயில்களில் அடியார் உதட்டில் அலகு குத்தி மேற்கொள்ளும் நோன்பும் வாய்ப்பூட்டே. தானே விரும்பி ஏற்கும் மௌனத்தின் சாயல் தமிழ்ச் சொல்லில் உண்டு. ஆங்கிலச் சொல்லில் அறவே இல்லை. 'வாயடைப்பு' இன்னும் பொருந்தாது: வாயடைத்துப்போதல் வியப்பாலும் வாதத்தில் தோற்பதாலும் நிகழ்வது.

வங்காளம் வேறு உறுப்பைத் தேர்ந்தது. 1898இல் அரசு எதிர்ப்புக் குற்றம் பற்றிய மசோதா நிறைவேறுவதற்கு முந்தைய நாள் ரவீந்திரநாத் தாகூர் கல்கத்தா நகர மண்டபத்தில் வாசித்த கட்டுரையின் பெயர் 'கண்டரோத்'. கண்டம் தொண்டை, ரோதம் தடுத்தல். குரலொடு மூச்சும் அங்கே தடைப்படுகிறது. ஆங்கிலச் சொல்லின் மூச்சுத்திணறல் பொருளைத் தமிழ் இழந்தது, வங்காளம் காத்தது. இத்தலைப்பை 'வாய்ப்பூட்டு' எனப் பெயர்ப்பின் அவ்வன்மை போய்விடும். 'தொண்டைக்கட்டு' சளிநோயாகிவிடும். 'குரல்நெரிப்பு' என்பதே ஓரளவு ஏற்கத்தக்கது. அதுவும் மூலத்தில் இல்லாத ஒரு கையை உட்புகுத்துகிறது என்பதை மறுப்பதற்கில்லை.

இங்கு மற்றொரு மயக்கமும் சுட்டத்தக்கது. வங்காளத்தில் 'முகபந்த' என்றால் வாய்க்கட்டு அன்று, நூலின் முன்னுரை.