ஒரு படையெடுப்பு, இரண்டு வகுப்பறைகள்

1017இல் முதலாம் இராசேந்திர சோழனின் படை ஈழத்து மன்னன் ஐந்தாம் மகிந்தனைச் சிறைபிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுவந்தது. அவன் இங்கேயே 1029இல் இறந்தான். தமிழ்நாட்டில் பி.ஏ. வரலாறு படிக்கும் மாணவருக்கு இது சோழர் அலகில் வரும் ஒரு வரி. கங்கையும் கடாரமும் அடுத்து வந்துவிடுவதால் அந்த வரியில் யாரும் நிற்பதில்லை. யாழ்ப்பாணத்திலோ பேராதனையிலோ படிப்பவருக்கு இது அநுராதபுர அரசின் முடிவு. 993இல் தொடங்கி, 1070இல் முதலாம் விஜயபாகு சோழரை வெளியேற்றும் வரை நீளும் ஒரு காலகட்டத்தின் திருப்புமுனை.

சான்றுகளும் எதிரெதிரே நிற்கின்றன. இராசேந்திரனின் மெய்க்கீர்த்தி ஈழ மன்னனின் முடியையும் தேவியரின் முடிகளையும், பாண்டியன் முன்பு அங்கே விட்டுவைத்த முடியையும் கைப்பற்றியதைப் பெருமையாகச் சொல்கிறது. மகாவம்சத்தின் தொடர்ச்சியான சூளவம்சம் அதே நிகழ்வைப் பேசும்போது விகாரைகள் கொள்ளைபோனதையும் பொற்சிலைகள் பறிபோனதையும் சொல்கிறது. ஒருவர் வெற்றி என்பதை மற்றவர் சூறையாடல் என்கிறார். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்துப் பார்ப்பதுதான் வரலாற்று மாணவருக்கு முதல் பாடமாக இருக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். இலங்கைத் தமிழ் மாணவருக்கு இது ஓரளவு தானாகவே வாய்க்கிறது. மகாவம்ச மரபில் வந்த கதையை அவர் பள்ளிப் பாடநூலிலேயே தமிழில் படித்திருப்பார். வீட்டிலும் ஊரிலும் கேட்ட கதை வேறாக இருக்கும். இரண்டும் பொருந்தாத இடத்தில்தான் கேள்வி பிறக்கிறது. நம் மாணவருக்கு அந்த உரசல் நேர்வதே இல்லை.

படிப்பின் அமைப்பும் இந்த வேறுபாட்டை வளர்க்கிறது. தமிழ்நாட்டில் பிளஸ் டூ முடித்து வரலாற்றுத் துறையில் சேர்ந்தவர் முதல் பருவத்திலிருந்தே வரலாற்று மாணவர்தான். மூன்று ஆண்டுகள், ஆறு செமஸ்டர்கள். கூடவே தமிழ், ஆங்கிலம், துணைப்பாடம், சுற்றுச்சூழல் கல்வி. இணைவுக் கல்லூரி என்றால் பாடத்திட்டமும் வினாத்தாளும் பல்கலைக்கழகத்திலிருந்து வரும். வகுப்பெடுக்கும் ஆசிரியருக்குத் தன் கேள்வியைத் தேர்வில் கேட்கும் உரிமை இன்டர்னலோடு முடிந்துவிடுகிறது. ஐந்து மதிப்பெண், பத்து மதிப்பெண் என்று வரும் வினாக்களுக்கு கைடு போதும் என்பதை மாணவர்கள் முதல் ஆண்டிலேயே கண்டுகொள்கிறார்கள். அரியர் வைக்காமல் தேறி, பி.எட். அல்லது டிஎன்பிஎஸ்சி பக்கம் போவதே பலரின் திட்டம். அதில் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அவர்களில் பலர் தங்கள் வீட்டின் முதல் பட்டதாரிகள். அரசு வேலையில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 2010இன் சட்டம் தரும் 20 விழுக்காட்டு முன்னுரிமை அவர்களுக்குப் பெரிய நம்பிக்கை.

இலங்கையில் உயர்தரப் பரீட்சையின் இசட் புள்ளி என்னும் தரப்படுத்திய மதிப்பெண் கலைப்பீடத்துக்குள் கொண்டுபோய் விடும். முதல் வருடம் வரலாற்றோடு வேறு பாடங்களையும் படித்து, பெறுபேறு பார்த்தபின்தான் சிறப்புக்கலைக்குத் தெரிவாக முடியும். அது நான்கு வருடம். விரிவுரையாளரே வினாத்தாள் தயாரிப்பார், அவரே திருத்துவார். பரீட்சைக்கு முன் சீனியர் அண்ணாவோ அக்காவோ ‘குப்பி’ என்னும் மீட்டல் வகுப்பு எடுப்பார்கள்; ஆக, மனப்பாடம் அங்கேயும் உண்டு. ஆனால் இறுதி வருடத்தில் ஆய்வுக்கட்டுரை எழுதியாக வேண்டும். தலைப்பைத் தானே தேடி, தன் ஊர்க் கோயிலின் உறுதிகளையோ காணிப் பதிவுகளையோ புரட்டி, மேற்பார்வையாளரிடம் திருத்தம் வாங்கி எழுதும் அந்தச் சில மாதங்கள், மற்ற மூன்று வருடமும் தராத ஒன்றைத் தருகின்றன: சான்று பேசாமல் போகும் இடத்தில் எழுதுபவரும் நிறுத்த வேண்டும் என்ற பயிற்சி.

நூல்களில் நிலைமை தலைகீழ். யாழ்ப்பாணப் பொதுநூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஓலைச்சுவடிகளும் போயின. கா. இந்திரபாலாவும் சி. பத்மநாதனும் தமிழில் எழுதியவை அங்குள்ள மாணவருக்குப் பெரும் துணை. ஆனால் ஐரோப்பிய வரலாறு, உலக வரலாறு என்று போனால் தமிழில் கைக்கெட்டுவது குறைவு. இங்கே தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் ஒரு காலத்தில் கல்லூரிக்கென்றே தமிழில் நூல்கள் போட்டது. கே. கே. பிள்ளை எழுதிய தமிழக வரலாறு இன்றும் கிடைக்கிறது. எழும்பூரில் ஆவணக் காப்பகம் இருக்கிறது, ஊருக்கு ஊர் கல்வெட்டுள்ள கோயில் இருக்கிறது. இவ்வளவையும் வைத்துக்கொண்டு, ஒரு கல்வெட்டைக்கூடக் கையால் படியெடுக்காத மாணவருக்குப் பட்டம் கொடுத்து அனுப்புகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

ஆறாவது செமஸ்டரில் ஒரு தாளை எடுத்துவிட்டு, முப்பது பக்க ஆய்வு ஒன்றைக் கட்டாயமாக்கலாம். ஈழத்துப் பொலன்னறுவையின் தமிழ்க் கல்வெட்டுகள் சில தென்னிந்தியக் கல்வெட்டுகள் நான்காம் தொகுதியிலேயே அச்சாகி இருக்கின்றன. தஞ்சை மாவட்டத்து மாணவர் ஒருவர் அவற்றில் ஒன்றையும் தன் ஊர்க் கோயில் கல்வெட்டு ஒன்றையும் எடுத்து ஒப்பிடட்டும். யாழ்ப்பாணத்து மாணவர் ஒருவர் அதே கல்வெட்டை அதே வாரத்தில் படிக்கட்டும். இரண்டு துறைத்தலைவர்கள் மனம் வைத்தால் வரும் கல்வியாண்டிலேயே தொடங்கிவிடலாம்.