எந்த விதி யாருக்கு?

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலை விதிகள், அதாவது ஊர்ச் சபையின் வாரியங்களுக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் விதிகள், இருக்கின்றன. கால் வேலிக்கு மேல் இறைநிலம் உள்ளவர் பெயரே ஓலையில் ஏறும். அரைக்கால் வேலிக்காரருக்கும் ஒரு வாசல் உண்டு: ஒரு வேதமும் ஒரு பாஷ்யமும் வல்லவராக இருக்க வேண்டும். வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவருக்கும் அவருடைய உறவினருக்கும் கதவு அடைப்பு.

மின்னஞ்சல் காவலும் இதே சட்டகத்தில்தான் ஓடுகிறது. மைக்ரோசாஃப்ட் 365-இல் ஒரு கொள்கையை ஆளுக்கோ, குழுவுக்கோ, டொமைனுக்கோ கட்டலாம்; விலக்கும் தரலாம். பல கொள்கைகள் ஒருவருக்குப் பொருந்தினால் வரிசையில் முதலில் நிற்பது மட்டுமே செல்லும். இது நல்ல ஏற்பாடு. இரண்டு விதிகள் ஒரே கடிதத்தை ஆளுக்கொரு பக்கம் இழுப்பதில்லை.

சிக்கல் பொருத்தும் இடத்தில். நிர்வாகி ஒருவர் கணக்காளரின் முகவரியையும் ‘நிதிக் குழு’வையும் ஒரே கொள்கையில் சேர்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இருவகையினருக்கும் காவல் கிடைத்துவிட்டது என்று நினைப்பார். மென்பொருளோ இரண்டும் ஒருசேரப் பொருந்த வேண்டும் என்று படிக்கும். அந்தக் குழுவில் கணக்காளர் பெயர் இல்லையென்றால் அந்தக் கொள்கை ஒருவரையும் காக்காது. எல்லோரும் ஓசையில்லாமல் அடுத்த கொள்கைக்குச் சரிந்துவிடுவார்கள். ‘அல்லது’ என்று நினைத்த இடத்தில் ‘மற்றும்’!

அனுப்புநர் பக்கத்தில் டிமார்க் என்ற ஏற்பாடு இருக்கிறது. தன் டொமைன் பெயரில் போலிக் கடிதம் வந்தால் விட்டுவிடு, ஒதுக்கி வை, திருப்பி அனுப்பு என்று டொமைன்காரரே மூன்றில் ஒன்றை அறிவிக்கலாம். பெருமளவில் கடிதம் அனுப்புவோரிடம் (கூகுளின் கணக்கில் நாளுக்குச் சுமார் 5,000 கடிதம்) 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இதைக் கேட்கின்றன. ஆனால் ‘விட்டுவிடு’ என்று எழுதியிருந்தாலே போதும் என்கின்றன. பூட்டு வாங்கினால் சரி, பூட்ட வேண்டியதில்லை என்பது போல. மேலும் டிமார்க் டொமைனை மட்டுமே பார்க்கும். ‘மேலாளர்’ என்ற காட்சிப் பெயரை எவரும் சூட்டிக்கொள்ளலாம்.

எல்லாவற்றிலும் பெரிய ஓட்டை அனுமதிப் பட்டியல். ஒரு விற்பனையாளரின் பில் ஸ்பேமில் விழுந்தால் அவருடைய முழு டொமைனையும் உள்ளே விடுவது வழக்கம். பிறகு அந்த டொமைனிலிருந்து வரும் கடிதங்கள் பெரும்பாலான சோதனைகளைத் தாண்டிவிடும்.

இந்த இடத்தில் சோழர் காலச் சபையார் கெட்டிக்காரர்கள். 919-இல் 30 முதல் 60 வரை என்றிருந்த வயது வரம்பை இரண்டே ஆண்டில் 35 முதல் 70 வரை என்று திருத்தினார்கள். வாரியத்தில் அமர்ந்தவர் 360 நாளில் இறங்க வேண்டும். ஸ்பேம் கொள்கையின் அனுமதிப் பட்டியலில் ஏறிய டொமைனுக்கு இப்படித் தவணை ஏதும் இல்லை. யாராவது போய் நீக்கும்வரை அது அங்கேயே இருக்கும்.