ஆட்டுமயிர்த் தூரிகை

பழைய தமிழ்ப் புத்தகத்துக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கின் காற்று ஆகவே ஆகாது. கோலாலம்பூரில் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டை ஒட்டி நிற்கும். 65-ஐத் தாண்டினாலே பூசணத்துக்குக் கொண்டாட்டம்தான். அதன் வித்துகள் எங்கும் மிதக்கின்றன. துணி அட்டையின் கஞ்சியும் முதுகின் பசையும் அதற்கு விருந்து.

1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் கூடியது. அதே ஆண்டு நவம்பரில் இத்தாலியின் ஆர்னோ நதி பெருக்கெடுத்து பிளாரன்ஸ் தேசிய நூலகத்துக்குள் புகுந்தது. சேற்றில் ஊறிய நூல்களை மீட்கப் பல நாட்டு பைண்டர்கள் திரண்டார்கள். இன்றைய நூல்காப்புக் கலை அங்கேதான் முதிர்ந்தது. அந்த மாநாட்டுக் கட்டுரைத் தொகுதியை பிரிக்பீல்ட்ஸ் வீட்டிலோ கிள்ளான் வீட்டிலோ வைத்திருப்பவருக்கும் அக்கலை உதவும்.

தேர்ந்த கையின் வேலையைப் பார்ப்பதே ஒரு சுகம். பூசணம் ஈரமாக இருக்கையில் அந்தக் கை அதைத் தொடாது. தொட்டால் தாளோடு ஈஷிக்கொள்ளும். நூலைத் தனியே வைத்து, உலர்ந்து பொடியாகும்வரை பொறுத்திருக்கும். அப்புறம்தான் முகமூடி, கையுறை, மெல்லிய ஆட்டுமயிர்த் தூரிகை. பொடி ஏடுகளுக்குள் இறங்காதபடி புத்தகத்தை இறுக மூடிப் பிடித்து, முதுகிலிருந்து வெளிவிளிம்பு நோக்கி ஒரே திசையில் இழுக்கும். நுண்வடிகட்டி பொருத்திய வேக்குவம் பொடியை வாங்கிக்கொள்ளும். தாள் துணுக்கு உள்ளே போகாதிருக்க அதன் வாயில் வலைத்துணி. அட்டையும் முதுகும் சேரும் பள்ளத்தில் தூரிகை சாயாது, நுனி மட்டும் ஊர்ந்து போகும். கைத்திறனை அங்கே பார்க்க வேண்டும்.

எங்கே நிறுத்துவது என்பதும் அந்தக் கைக்குத் தெரியும். பூசணம் விட்டுப்போன கறையை வெளுக்கப் பார்த்தால் தாள் நலியும். ஆகவே கறை இருந்துவிட்டுப் போகட்டும். தஞ்சை சரசுவதி மகாலில் ஓலைச்சுவடிக்குப் புல்தைலம் தடவுவார்கள். அச்சுத்தாளுக்கு அந்த வைத்தியம் கூடாது. எண்ணெய் ஊறிப் புதுக்கறையாகும்.

இவ்வளவு நுட்பமும் பூசணம் வந்தபின் பார்க்கும் வைத்தியம். பகலெல்லாம் ஏர்கோன் போட்டு இரவில் நிறுத்தும் அறையில், வெளிக்காற்று நுழைந்ததும் குளிர்ந்த அட்டைமேல் ஈரம் பூக்கும். அதை அறிந்தவர் அலமாரியைச் சுவரை ஒட்டிப் போடமாட்டார், நூல்களை நெருக்கி அடுக்கமாட்டார், ஈரமானியைப் பார்த்தே ஈரநீக்கியை ஓடவிடுவார். தூரிகைக்கு வேலையே வைக்காத அவர்தான், என் கணக்கில், இந்தக் கலையின் வித்வான்.