பூச்சுக்கு முந்திய அழகு

பட்டுச் சேலை பார்க்கத் தெரிந்தவர்கள் முந்தானையிலேயே மயங்கி நின்றுவிட மாட்டார்கள். சேலையை உள்புறமாகத் திருப்பி வெளிச்சத்தில் பிடிப்பார்கள். கரையும் உடலும் சேரும் இடத்தில் இழை எப்படி நிற்கிறது, ஜரிகை எங்காவது தொங்குகிறதா, அறுந்த இழையை முடிந்த இடம் கையில் தட்டுப்படுகிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பார்கள். ஆரணிப் பக்கத்து நெசவூர்களில், தேசூரிலும்தான், தறி ஓடும் வீட்டுப் பிள்ளைகள் யாரும் சொல்லாமலே தெரிந்துகொள்ளும் சங்கதி இது.

கட்டடத்துக்கும் ஓர் உள்புறம் உண்டு. நாம் அதைப் பார்ப்பதே இல்லை. புதுமனை புகுவிழாவுக்குப் போனால் தரை ஓட்டின் வழவழப்பையும் சுவரின் வண்ணத்தையும் மெச்சுகிறோம்; சாப்பிட்டுவிட்டுத் திரும்புகிறோம். செங்கல் எப்படி அடுக்கப்பட்டது, கம்பி எப்படிக் கட்டப்பட்டது, குழாய் எந்தச் சாய்வில் ஓடுகிறது என்பதெல்லாம் அதற்குள் சாந்துக்கும் கான்கிரீட்டுக்கும் உள்ளே போயிருக்கும். அந்த மறைந்த வேலையை நின்று நிதானித்து ரசிக்க ஓர் இடம் உண்டு. கட்டுமானத் தொழில் கற்றுத்தரும் பயிற்சிக் கூடம்தான் அது. அங்கே எழும்பும் சுவர்களுக்குப் பூச்சின் தயவு கிடையாது.

இத்தகைய கூடங்கள் நமக்குப் புதியவை அல்ல. மத்திய அரசின் கைவினைஞர் பயிற்சித் திட்டம் 1950இல் தொடங்கியது. இன்றைய ஐடிஐகள் அதன் பிள்ளைகள். கொத்தனார் வேலை, தச்சு, குழாய் வேலை, ஒயர்மேன், வெல்டிங் என்று ஒரு வீட்டுக்கு வேண்டிய கைகள் எல்லாம் அங்கே பழகுகின்றன. அமெரிக்காவில் 1901இல் ஜோலியட் என்னும் ஊரில் முளைத்த சமுதாயக் கல்லூரி என்ற எண்ணம், 1995இல் புதுச்சேரிக்கும் 1996இல் சென்னைக்கும் வந்து சேர்ந்தது. பள்ளிப் படிப்பு பாதியில் நின்றவர்களுக்கும் ஒரு கைத்தொழிலைக் கல்லூரியின் பெயரால் கொடுக்கலாம் என்று அது காட்டியது. தேசூர்ப் பிள்ளைகளுக்கு எட்டும் தூரத்தில் காஞ்சிபுரம் பக்கத்தில் எல் அண்டு டி நிறுவனத்தின் கட்டுமானத் திறன் பயிற்சி நிலையமும் இருக்கிறது. பெயர்கள் பலவானாலும் உள்ளே நடப்பது ஒன்றுதான்: கண்ணுக்கும் கைக்கும் இடையில் இருக்கும் தூரத்தைக் குறைப்பது.

முதல் பாடம் சுவர். அதற்கும் முன்னால் மூலை. ஆணி அடித்துக் கயிறு கட்டுகிறார்கள். ஒரு கயிற்றில் 3 அடி, மறு கயிற்றில் 4 அடி குறித்து, இரண்டு குறிகளுக்கும் நடுவே அளவு நாடாவைப் பிடிக்கிறார்கள். சரியாக 5 அடி வந்தால் மூலை நேர்மூலை. பள்ளிக்கூடத்தில் பிதாகரஸ் என்ற பெயரில் மனப்பாடம் செய்து மறந்துபோன கணக்கு, இங்கே தரையில் சுண்ணாம்புக் கோடாகக் கிடக்கிறது. கணக்கில் தோற்றுப் படிப்பை விட்ட பையனும் இந்தக் கோட்டை ஒரே நாளில் போட்டுவிடுவான். வீடு முழுக்க ஓட்டுப் பதிக்கும்போது கடைசிச் சுவரோரம் கோணலாக வெட்டிய துண்டு விழாமல் காப்பது அந்த ஒரு கோடுதான்.

பிறகு செங்கல். அடுக்கும் முன் கல்லை நீரில் ஊறப்போட வேண்டும். உலர்ந்த கல், சாந்திலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும்; சிமெண்டு இறுகத் தேவையான நீர் அதற்குக் கிடைக்காமல் போகும். இரண்டு கற்களை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்று விழும் ஒலி, சூளையில் சரியாக வேகாத கல்லின் ஒலி. பார்வை பழகும் முன்பே காது பழகிவிடுகிறது.

அடுக்குவதில்தான் நயம் தொடங்குகிறது. ஒரு வரியில் கற்களை நீளவாட்டில் வைத்தால் அடுத்த வரியில் குறுக்கே வைக்கிறார்கள். இதற்கு இங்கிலீஷ் பாண்ட் என்று பெயர். கீழ்வரியின் நிற்கும் இணைப்புக்கு நேர் மேலே மேல்வரியின் இணைப்பு வந்துவிடக் கூடாது. வந்தால் விரிசலுக்கு நாமே வழி திறந்துவிட்டதாகும். கற்களைக் குறுக்கே வைக்கும் வரியில், மூலைக் கல்லை அடுத்து, நீளவாட்டில் பிளந்த பாதிக் கல் ஒன்றைச் செருகுகிறார்கள். குயின் குளோசர் என்பது அதன் பெயர். முழு வரிசையையும் கால் கல் அளவுக்கு நகர்த்தி, இணைப்புகள் ஒன்றின்மேல் ஒன்று வராமல் விலக்கிவிடுவது இந்த ஒல்லியான துண்டுதான். ஒரு செங்கல்லை நீளவாட்டில் இரண்டாகப் பிளப்பது சாமானிய வேலையில்லை. ஓங்கி ஒரே அடி அடித்தால் மூன்றாக உடையும். சுற்றிலும் மெல்லத் தட்டி, கோடு முழுதும் அதிர்ச்சி பரவிய பிறகு கடைசித் தட்டு. நல்ல கை அதைச் செய்யும்போது கல் தானாகவே விட்டுக்கொடுப்பதாகத் தோன்றும்.

வரியை நேராக்குவது நூல். இரண்டு மூலைகளையும் முதலில் எழுப்பி, நடுவே நூலை இழுத்துக் கட்டுகிறார்கள். கற்றுக்குட்டி, கல்லை நூலில் முட்டும்படி வைப்பான். அப்படி நாலு கல் முட்டினால் நூல் வெளியே தள்ளப்படும். பிறகு வரும் கற்களெல்லாம் அந்தப் பொய் நூலையே பார்த்து வரும். சுவர் வயிறு தள்ளுவது இப்படித்தான். தேர்ந்த கை, நூலுக்கும் கல்லுக்கும் இடையே மயிரிழை வெளிச்சம் விட்டு வைக்கும். அந்த வெளிச்சத்தைக் கடைசிக் கல் வரை காப்பாற்றுவதுதான் ஒரு வரியின் அழகு.

சுவர் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்க்கும் தூக்குக் குண்டின் அமைப்பையும் இங்கே சொல்லிவிட வேண்டும். குண்டோடு ஒரு சிறு கட்டையும் உண்டு. நூல் அதன் நடுத்துளை வழியே போகும். கட்டையின் அகலம் குண்டின் விட்டத்துக்குச் சரிசமம். கட்டையைச் சுவரின் மேல்பக்கம் ஒட்டிப் பிடித்துக் குண்டைக் கீழே விட்டால், அது சுவரைத் தொட்டும் தொடாமலும் நிற்க வேண்டும். சாய்ந்து படுத்தால் சுவர் அடியில் வெளியே வந்திருக்கிறது. விலகித் தொங்கினால் உச்சி வெளியே வந்திருக்கிறது. பேட்டரி இல்லை, திரை இல்லை. ஒரு கட்டை, ஒரு நூல், ஒரு குண்டு. பூமியின் ஈர்ப்பையே வேலைக்கு அமர்த்திக்கொண்ட இந்தக் கருவியில் கூட்டவும் குறைக்கவும் ஒன்றும் மிச்சமில்லை. சுவர் ஒரு நூல் விலகினாலும், அதாவது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு விலகினாலும், அது காட்டிக்கொடுத்துவிடும்.

ஒரே நாளில் ஒன்றரை மீட்டருக்கு மேல் சுவரை ஏற்றக் கூடாது என்பதும் பாடத்தில் உண்டு. அடிவரிச் சாந்து இறுகும் முன் மேல்பாரம் ஏறினால் இணைப்புகள் நசுங்கும். எத்தனை வேகமான கையானாலும் அங்கே நின்றாக வேண்டும். நிறுத்தத் தெரிவதும் தொழிலில் ஒரு பகுதி.

இவ்வளவு பார்த்துப் பார்த்து எழுப்பிய பயிற்சிச் சுவர் என்ன ஆகிறது? வாத்தியார் மட்டம் பார்த்து மதிப்பெண் போட்டதும் இடித்துவிடுகிறார்கள். கற்களைச் சுரண்டிக் கழுவி அடுத்த குழுவுக்கு அடுக்கி வைக்கிறார்கள். அதற்கென்றே இறுகிப்போகாத மெலிந்த கலவையில் கட்டுவதும் உண்டு. யாரும் குடியிருக்கப்போவதில்லை என்று தெரிந்தும் ஒரு மூலையைப் பழுதில்லாமல் எழுப்புகிறவன், நாளைக்குப் பூச்சு மூடிவிடும் என்று தெரிந்தும் அதே மாதிரிதான் கட்டுவான். அந்தப் பழக்கம் வருவதற்காகத்தான் ஓராண்டுப் பயிற்சியும்.

கம்பி கட்டும் பகுதிக்குப் போனால் மறைவேலையின் உச்சத்தைப் பார்க்கலாம். பில்லரைச் சுற்றி வரும் ரிங்கின் இரு முனைகளும் 135 டிகிரிக்கு உள்நோக்கி மடிய வேண்டும். நேர்மூலையாக 90 டிகிரியில் விட்டால் நிலநடுக்கத்தில் வெளிக் கான்கிரீட்டு உதிரும்போது ரிங் பிரிந்துவிடும். உள்ளே மடித்தால் பிடி தளராது. ரிங்குகளை அடுக்கும்போது அந்தக் கொக்கிகள் எல்லாம் ஒரே மூலையில் வராமல் மூலை மாற்றி மாற்றிச் சுற்றிக்கொண்டே ஏறும். பீமில், தாங்கும் இரு முனைகளின் அருகே ரிங்குகள் நெருக்கமாகவும் நடுவில் சற்று விலகியும் நிற்கும். வெட்டுவிசை முனைகளில் மிகுதி என்பதுதான் காரணம். கம்பியின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டர் கம்பியின் எடை கிலோவில் கிடைக்கும்: 12 மில்லிமீட்டர் கம்பியானால் 889 கிராம். இந்தக் கணக்கைக் கையில் வைத்திருக்கும் பையனிடம் கம்பி எடையில் ஏமாற்ற முடியாது.

கம்பிக்கும் பலகைக்கும் நடுவே கவர் பிளாக் என்ற சிறு சிமெண்டு வில்லை இருக்கிறதே, அது தனியாகப் பாராட்டத்தக்கது. தளத்துக்கு 20 மில்லிமீட்டர், பில்லருக்கு 40 மில்லிமீட்டர் என்று கம்பிக்கு வெளியே கான்கிரீட்டு இருந்தாக வேண்டும். குறைந்தால் ஈரமும் காற்றும் கம்பியைத் தொடும், துரு ஏறும், துரு ஏறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளக்கும். கூரையடியில் காரை பெயர்ந்து கம்பி பல்லிளிக்கும் வீடுகள் பலவற்றின் கதை, சில ரூபாய் பெறாத இந்த வில்லை இல்லாமல் போனதில் தொடங்கியது.

குழாய்க்காரர் பாடத்தில் ஒரு வளைவு உண்டு. கழிவுநீர்ப் பாதையில் வைக்கும் டிராப். அதன் வளைவில் இரண்டு அங்குலம் நீர் எப்போதும் தங்கியிருக்கும். சாக்கடை நாற்றம் வீட்டுக்குள் வராமல் அடைத்து நிற்பது அந்த நீர்தான். கழிவைப் போகவிட்டுக் காற்றை மறிக்கும் கதவு. கீல் கிடையாது, தேய்மானமும் கிடையாது.

தேசூரில் நின்று கட்டுமானத்தைப் பேசிவிட்டுப் பக்கத்துச் சீயமங்கலத்தைத் தாண்டிப் போக முடியாது. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முதலாம் மகேந்திரவர்மன் பாறையில் குடைந்த சிவன் கோயில் அங்கே இருக்கிறது. மக்கள் வாயில் அது தூணாண்டார் கோயில். லளிதாங்குரன் என்ற தன் பட்டப் பெயரால் இதைச் செய்வித்ததாகவும், இதன் பெயர் அவனிபாஜன பல்லவேசுவரம் என்றும் அங்கே கல்வெட்டு இருக்கிறது. பின்னால் வந்தவர்கள் கட்டிய மண்டபங்களைக் கடந்து உள்ளே போனால், தூணின் மேற்பகுதியில் ஆடும் சிவனின் சிறு உருவம் தெரியும். தமிழ்நாட்டில் கல்லில் வடித்த ஆடவல்லான் வடிவங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது.

எல்லோரும் அந்தச் சிற்பத்தைப் பார்ப்பார்கள். தச்சு கற்கும் பிள்ளை தூணைப் பார்ப்பான். கீழும் மேலும் சதுரம், நடுவில் எட்டுப்பட்டை. மகேந்திரன் காலத் தூண்களின் அமைப்பு அது. சதுரத்தை எட்டுப்பட்டையாக்குவது இன்றைய பட்டறையிலும் பழகும் வேலைதான். சதுரத்தின் மூலையில் கவராயத்தை ஊன்றி, மையம் வரை விரித்து, இரு பக்கங்களிலும் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு மூலைகளிலும் செய்தால் எட்டுக் குறிகள். அவற்றை இணைத்தால் எட்டுப் பக்கமும் சமம். மரத்தில் பிழைத்தால் வேறு கட்டை எடுக்கலாம். மலையில் பிழைத்தால் வேறு மலைக்கு எங்கே போவது?

இதே மன்னன் விழுப்புரம் மாவட்டத்து மண்டகப்பட்டில் வெட்டிய கல்வெட்டு, செங்கல்லும் மரமும் உலோகமும் சுதையும் இல்லாமல் கோயில் எடுத்ததாகப் பெருமை பேசுகிறது. அந்த நான்கையும் எண்ணிப் பாருங்கள்: கொத்தனார், தச்சர், கம்பி வேலைக்காரர், பூச்சுக்காரர். அரசனின் பெருமையே அன்றைக்கு இந்த நான்கு தொழில்களும் எவ்வளவு ஊன்றியிருந்தன என்பதற்குச் சாட்சி. மாமல்லபுரத்தில் முற்றுப்பெறாத குடைவரைகளில் பாறைமேல் கட்டம் கட்டமாகக் கோடு வெட்டி, ஒவ்வொரு கட்டமாக உடைத்தெடுத்த தடம் இன்றும் இருக்கிறது. அரைகுறையாக நின்ற அந்தச் சுவர்கள்தான் வேலை நடந்த முறையை நமக்குச் சொல்கின்றன. அதே ஊரில் 1957 முதல் அரசின் கட்டடக்கலை, சிற்பக்கலைக் கல்லூரி நடப்பது பொருத்தமான காரியம்.

மேஸ்திரியிடம் சித்தாளாகச் சேர்ந்து, அவர் டீ குடிக்கப் போன நேரத்தில் கரண்டியைத் தொட்டுப் பார்த்துக் கொத்தனார் ஆனவர்கள்தான் நம் ஊர்களைக் கட்டினார்கள். அந்தக் கைகளுக்கு வணக்கம். ஆனால் அந்த வழியில் 'ஏன்' என்று கேட்டால் திட்டுதான் கிடைக்கும். பயிற்சிக் கூடத்தில் அந்தக் கேள்விக்குத்தான் மதிப்பெண். இன்னொன்றும் சொல்ல வேண்டும். காலமெல்லாம் கலவைச் சட்டி சுமந்த பெண்ணுக்குக் கரண்டி கைக்கு வராமலே போனது மேஸ்திரி வழி. சேர்க்கைப் படிவத்தில் அந்தத் தடை இல்லை.

பிள்ளைக்கு எந்தக் கல்லூரியிலும் இடம் கிடைக்காவிட்டால் கடைசியாக ஐடிஐ என்று நினைக்கும் பெற்றோர், ஒருநாள் அந்தக் கூடத்துக்குள் போய் ஒரு சுவரின் மூலையைப் பார்த்துவிட்டு வரட்டும். வீடு கட்டுகிறவர்கள், பூச்சு ஏறும் முன் ஒரு காலை நேரம் ஒதுக்கித் தங்கள் சுவரைச் சுற்றி வரட்டும். வரிகள் நேராக இருந்தால் கொத்தனாரிடம் வாய்விட்டுச் சொல்லட்டும். ஐடிஐ கொத்தனார் பிரிவில் சேர எட்டாம் வகுப்புத் தேர்ச்சி போதும். படிப்பு ஓராண்டு. அரசு நிலையமானால் மாதம் 750 ரூபாய் உதவித்தொகையும் உண்டு.